ஒன்று மட்டும் ஜேபிஜி

எல்லாப் படமும் பிஎன்ஜி, இது ஒன்று மட்டும் ஜேபிஜி. தணிகாசலத்துக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பனியன் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. படம்தான் நாறிக் கிடந்தது. எழுத்தைச் சுற்றி அழுக்குப் புகை, புள்ளி எது கொம்பு எது என்று தெரியாமல், எவனோ ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போன கரும்பலகை மாதிரி. மற்றதெல்லாம் மகளின் போனிலிருந்து வயர் போட்டு இறக்கியது, என்ன சுத்தம், முகுந்தன் அனுப்பிய ஒவ்வொரு வசவும் அச்சில் வார்த்தது போல நிற்கிறது. 'யாரைக் கேட்டு ஆபீஸ் பார்ட்டிக்குப் போன?' தெரிகிறது. 'உன் மூஞ்சியைப் பார்த்தா சோறு இறங்கல.' தெரிகிறது, மூஞ்சியில் ஞ்-இன் புள்ளிகூடத் தெரிகிறது. மாப்பிள்ளை. இன்னும் அந்த வார்த்தைதான் முதலில் வாயில் வருகிறது, சனியன். மகள் சுகந்தி விவாகரத்து கேட்டு மனுப் போடுகிறாள். அவன் அனுப்பியதையெல்லாம் ஒரே வேர்டு ஃபைலில் வரிசையாக ஒட்டி, பக்கத்துக்கு இரண்டு படமாக, மத்தியானத்துக்குள் மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தாள் வக்கீல் ரெஜினா. மனுவோடு சேர்த்து அச்சடிக்க வேண்டுமாம். நானே ஒட்டிடறேன்ப்பா என்றுதான் சுகந்தி சொன்னாள். நீ கையை வைக்காதே, உனக்குப் படம் வைக்கத் தெரியாது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் இவர்தான். அம்பத்தூரில் கம்ப்ரசர் கம்பெனியில் ஆயுசு முழுக்கக் கையேடு தயாரித்தவருக்குப் படம் ஒட்ட இன்னொருத்தர் சொல்லித்தர வேண்டுமா. "ஏம்மா, இது ஒண்ணு மட்டும் ஏன் ஜேபிஜி?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். மிக்ஸி நின்றது. "எது?" "பால்கனி." குழாய் திறக்கிற சத்தம். "அது போதும்ப்பா, அப்படியே போடுங்க." "எழுத்தே தெரியல." "தெரிஞ்ச வரைக்கும் போதும். நான் ரெஜினா மேடம்கிட்ட நேர்ல காட்டிக்கறேன், நீங்க அத விட்டுட்டு..." "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒரிஜினல் எங்கே?" குழாய் மூடியது. "அழிஞ்சிருச்சு" என்றாள். மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது. மிக்ஸியில் ஒன்றும் இல்லாமல் ஓடுவது போல இருந்தது சத்தம்.

அழிந்துவிட்டதாம். அழிந்தால் இது எங்கிருந்து வந்தது. ஃபைலின் பெயரே சொல்கிறதே, வாட்ஸப்பில் போய் வந்த படம், ஒரு தடவை இல்லை, பல தடவை போய்ப் போய் வந்து இளைத்துப்போன படம். அவசரக்குடுக்கை. காலேஜில் படிக்கும்போதே அப்படித்தான், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் படமெல்லாம் கஞ்சித் தண்ணியாய் ஒட்டிக்கொண்டு வந்தாள், இவர் மேசையில் போட்டுவிட்டு எழுத்துக்கு ஜேபிஜி போடுகிறவன் மாட்டுக்கு மூக்குக்கண்ணாடி போடுகிறவன் என்றார், அவள் அம்மா வத்சலா அப்போது இருந்தாள், அடுப்பங்கரையிலிருந்து சிரித்தாள், அவள் சிரித்ததற்கு இவர் முறைத்தார். ஆனால் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. ஜேபிஜி முகத்துக்கு, வானத்துக்கு, மரத்துக்கு. அங்கே நாலு புள்ளி போனால் எவனுக்கும் தெரியாது. அது உத்தேசமாகப் பார்த்து உத்தேசமாக வரைகிற ஜாதி. இங்கே ஒரு கறுப்பு, பக்கத்தில் ஒரு வெள்ளை என்றால் நடுவில் தானாக ஒரு சாம்பலை அள்ளிப் பூசிவிடும். திரும்பச் சேமித்தால் திரும்பப் பூசும். பிஎன்ஜி அப்படி இல்லை. இருந்த புள்ளி இருந்த இடத்தில். கூட்டாது, குறைக்காது, முகதாட்சணியம் பார்க்காது. இதைத் தலையில் அடித்துச் சொல்லிச் சொல்லி எத்தனை பையன்களை அழவைத்தார். அழுத்தமானியின் முகப்புப் படத்தில் மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அச்சுக்குப் போய்விட்டால் எங்கோ ஒரு ஊரில் எவன் கையோ போகும். அது தெரியுமா இதுகளுக்கு. வேர்டு இன்னொரு எமன். நீ பிஎன்ஜியே ஒட்டினாலும் சேமிக்கும்போது சத்தம் போடாமல் சுருக்கிவிடும், உள்ளே போய்ப் படங்களைச் சுருக்காதே என்று டிக் போட்டால்தான் சும்மா இருக்கும். காலையில் முதல் காரியமாக அந்த டிக்கைப் போட்டுவிட்டுத்தான் காபியே குடித்தார். அப்படி உட்கார்ந்து செய்கிற வேலையில் மாலைக்கு நடுவில் வாடின பூ மாதிரி இது ஒன்று. பால்கனி. அதுதான் முக்கியம் என்று ரெஜினா சொன்னாளாம். பெங்களூரில், மார்கழியில், அந்த நாய் இவளைப் பால்கனியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே இருந்துகொண்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். நல்லவேளை கையில் போன் இருந்தது. போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள். போன் இல்லாத காலத்தில். இந்த நினைப்பு எதற்கு இப்போது. மின்விசிறி டக் டக் என்றது, அதற்கும் எண்ணெய் விட ஆள் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கப் பெரிதாக்க எழுத்து வரவில்லை, சதுரம் சதுரமாகச் சாம்பல் வந்தது. மேலே முகுந்தனின் வரி, அதில் 'பூட்' மாதிரி ஒன்று. நடுவில் ஒரு நீள வரி. கடைசியில் இவளுடைய பச்சைக் கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிரு என்று தொடங்கி ர் என்று முடிகிறது, நடுவில் இருப்பது ப்பாவா க்காவா தெரியவில்லை. சொல்லியிருப்பாரா, சொல்லியிருக்காரா. யார் சொல்லியிருக்கார், எதை. சாட்சி என்று கொண்டுபோய் வைக்கிற காகிதத்தில் இப்படிப் புகையை வைத்தால் எதிர்க்கட்சி வக்கீல் என்ன, கொஞ்சுவானா. அந்தப் போன் இங்கேதான் கிடந்தது, கணினிக்குப் பக்கத்தில், வயர் மாட்டினபடி, காலையில் அவள்தான் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஸ்கிரீன்ஷாட் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தார். அழிந்துவிட்டதாம். அதே நாள், அதே படம், பிஎன்ஜி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வராது என்று முனகிக்கொண்டே, கொஞ்சம் சந்தோஷமாகவே, ஜெயித்த சந்தோஷம், திறந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. முகுந்தன்: 'பூட்டியாச்சு. விடியிற வரைக்கும் பால்கனியிலயே நில்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லக் கத்துக்க.' நாயே என்றார் வாய்விட்டு. சுகந்தி: 'குளிருது. கதவத் திறங்க.' முகுந்தன்: 'உங்கப்பாவே சொன்னார். அவளுக்கு வாய் ஜாஸ்தி, ரெண்டு தடவை வெளியில நிறுத்தினா பெட்டிப்பாம்பா அடங்கிடுவான்னு.' அதற்குக் கீழே பச்சைக் கட்டத்தில் சுகந்தி: 'சொல்லியிருப்பார்.'

ப்பா. க்கா இல்லை, ப்பா. முதலில் மனசில் பட்டது அது ஒன்றுதான், வேலைப் புத்தி. அப்புறம் மின்விசிறி டக் டக் என்றது காதில் விழுந்தது, அப்புறம் மிக்ஸி நின்றுபோய் ரொம்ப நேரமாகிறது என்பது. மறுபடி படித்தார். படித்தது மாறவில்லை, பிஎன்ஜி மாறாது. பொய் சொல்கிறான். நான் எதற்கு அப்படிச் சொல்லப்போகிறேன், பெற்ற பெண்ணை. அது போகட்டும், அவன் சொல்வான், ஊரில் இருக்கிற அசிங்கத்தையெல்லாம் சொன்னவன் இதைச் சொல்ல மாட்டானா. இவள் என்ன சொல்லியிருக்க வேண்டும். எங்கப்பா அப்படிச் சொல்லமாட்டார். அப்படித்தானே ஒரு பெண் சொல்வாள். இல்லை, சும்மா இரு, அப்பாவை இழுக்காதே, என்று. குளிரில் நின்றுகொண்டு, விரல் விறைத்துப்போயிருக்கும், அந்த விரலால் யோசிக்காமல் ஒரு வார்த்தை. சொல்லியிருப்பார். நேரில் கேட்டவள் மாதிரி. தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கல்யாணம் ஆகிறவரை சோறு போட்டுப் படிக்கவைத்து, அவன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றபோது ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டவனுக்கு. கேட்கவில்லை, அது உண்மை, கேட்டிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. இந்த வீட்டில் கேட்டால்தான் சொல்வார்கள். அதனால்தான் அழித்தாளா. அழிக்கவில்லை, மங்கவைத்தாள். தனக்குத்தானே அனுப்பி, அனுப்பினதைத் திரும்ப அனுப்பி, எழுத்து சாகிறவரைக்கும். அவசரக்குடுக்கை இல்லை. உட்கார்ந்து, நிதானமாக, கச்சிதமாகச் செய்த வேலை. ஜேபிஜி எழுத்தைக் கொல்லும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது. நான்தான். இவர் நோண்டாமல் இருந்திருந்தால் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். ஒட்டுகிறவன் ஒட்டுவானா, ஆராய்ச்சி பண்ணுவானா. முதுகில் வியர்வை இறங்கி நாற்காலிப் பிரம்பில் ஒட்டியது.

பெட்டிப்பாம்பு ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. இவர் மட்டுமா சொல்கிறார். மறுவீட்டுச் சாப்பாடு அன்றைக்கு. பாயசம். முகுந்தன் வேட்டியில் பாயசம் சிந்தியிருந்தது, அது நினைவிருக்கிறது. உங்க பொண்ணு ஓயாம கேள்வி கேக்குறா மாமா என்றான், எல்லாரும் சிரித்தார்கள், இவரும் ஏதோ சொன்னார், எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். என்ன சொன்னார். அந்த இடத்தில் புகை. வத்சலாவைப் பற்றி ஏதோ கதை. மொட்டைமாடிக் கதை. மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் எதிரிலேயே, இல்லீங்க அது போன வருஷம், இவருக்குத் தேதியே நினைவிருக்காது என்று வத்சலா திருத்தினாள். மேனேஜர் போன பிறகு அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். இவர் கீழே கதவைத் தாழ்ப்பாள் போட்டார். சும்மா, ஒரு பாடத்துக்கு. மழை வந்தது. மழை வரும் என்று யார் கண்டது. அவள் கதவைத் தட்டவில்லை, அதுதான் அவளிடம் பிடிக்காத விஷயம், தட்டியிருந்தால் திறந்திருப்பார், தட்டட்டும் என்று காத்திருந்தார், இவராகத் திறக்கட்டும் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. ஒரே ஒரு தடவை. இன்னொரு தடவை அவளே போய் நின்றாள், அது கணக்கில் வராது. சுகந்தி அப்போது சின்னப் பெண், மாடிப்படியில் ஸ்கூல் பையோடு உட்கார்ந்திருந்தாள், உள்ளே வாடி என்றதற்கு வரவில்லை. இந்தக் கதையைத்தான் மறுவீட்டில் தமாஷாகச் சொன்னது. கதை வேறு, யோசனை வேறு. ஒருத்தன் தன் வீட்டுக் கதையைச் சொன்னால் இன்னொருத்தன் அதைக் கையேடாக எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்துபார்ப்பானா. செய்துபார்த்திருக்கிறான். படம் பக்கத்திலேயே இருக்கிறது.

போன் அடித்தது, இவருடையது. ரெஜினாவின் ஜூனியர், சின்னப் பயல், குரலில் இன்னும் காலேஜ் வாடை. "சார், மனு ரெடியாயிட்டு இருக்கு, உங்க ஃபைல் மட்டும்தான் பாக்கி." "அனுப்பறேன்." "சைஸ் ஜாஸ்தியா இருந்தா மெயில்ல ஏறாது சார், பேசாம எல்லாத்தையும் ஜேபிஜியா மாத்திப் போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் குடுக்குறாங்க." எந்த நாளாக இருந்தாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இன்றைக்கு "மங்கலாயிடுமே" என்றார், யாரோ போல. "கொஞ்சம் மங்கினா பரவால்ல சார். ஆங், அந்தப் பால்கனி மெசேஜ் மட்டும் தெளிவா இருக்கட்டும், மேடம் அதைத்தான் மெயினா வச்சிருக்காங்க. அப்புறம் சார், எதையும் வெட்டிடாதீங்க. முழுப் படமா இருக்கணும், வெட்டினது தெரிஞ்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க." "எனக்குத் தெரியும், வை" என்று வைத்தார். வெட்டுவது. அது அதுவரை தோன்றவேயில்லை, அவன் சொன்ன பிறகுதான் தோன்றியது. பிஎன்ஜியை ஒட்டினார். கீழ் ஓரத்தைப் பிடித்து மேலே தள்ளினார். சொல்லியிருப்பார் போனது. உங்கப்பாவே சொன்னார் போனது. பூட்டியாச்சு, குளிருது, இரண்டும் நின்றன. அழகான படம். யாருக்கும் நஷ்டமில்லை, கொடுமை கொடுமையாகவே இருக்கிறது, ஒரு கிழவன் பெயர் மட்டும் இல்லை. ஆனால் வேர்டு வெட்டுவதில்லை. மறைக்கும், அவ்வளவுதான். பாய்க்கு அடியில் தள்ளின குப்பை மாதிரி உள்ளேயே இருக்கும், எந்தப் பயலும் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் முழுசும் வந்து நிற்கும். எத்தனை பேருக்கு இழுத்துக் காட்டியிருக்கிறார், பார்த்தாயா, மறைச்சா போயிடும்னு நினைச்சியா என்று. அதையும் ஒழிக்க வழி இருக்கிறது, வெட்டின பகுதியை நீக்கு என்று ஒரு இடத்தில் அமுக்க வேண்டும். கை அங்கே போனது. நீதிபதி யாராக இருக்கும். பொம்பளையாக இருந்தால் இன்னும் மோசம், கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள், அப்பா வந்திருக்காரா என்று கேட்பாள். எதிர்க்கட்சிக்காரன் எழுந்து, ஐயா, இந்த வீட்டில் இது பரம்பரையாக நடக்கிறது, எங்கள் கட்சிக்காரர் மாமனார் சொன்னதைச் செய்தார் என்பான். ஆனால் போன் அவனிடமும் இருக்கிறது. இதே மெசேஜெல்லாம் அவனிடமும் இருக்கிறது. வெட்டினால் முழுசை அவன் கொண்டுவந்து வைப்பான், இவள் திருடி ஆவாள். எனக்காக. இவள் ஜேபிஜி ஆக்கினதே எனக்காக, கேஸ் கெட்டால் கெடட்டும் என்று. எவன் கேட்டான் உன்னை. இந்தப் பிச்சை எனக்கு எதற்கு. கோபம் வந்தது, நல்லவேளை, கோபம் வந்தால் கை நடுங்காது. ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். எல்லா வரியும் திரும்ப வந்து நின்றது. பக்கத்தின் அகலத்துக்கு இழுத்து நடுவில் வைத்தார். கீழே 'பால்கனி' என்று தலைப்பு அடித்தார். அடித்துவிட்டுப் பார்த்தால் கதவருகே சுகந்தி நின்றுகொண்டிருந்தாள், கை ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு.

அவள் திரையைத்தான் பார்த்தாள். இவர் திரும்பவில்லை. திரையின் கறுப்பு ஓரத்தில் அவள் முகம் லேசாகத் தெரிந்தது, வத்சலா மாதிரி இல்லை, யார் மாதிரியும் இல்லை. "படிச்சிட்டீங்களா?" "ம்." "அழிஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல." "எழுத்து தெரியணும்" என்றார். "மங்கலா இருந்தா அது சாட்சி இல்ல." சாம்பார் கொதிக்கிற வாடை வந்தது, போய் அடுப்பைப் பார்க்கப் போகிறாள், இத்தோடு போகும் என்று நினைத்தார். போகவில்லை. "அப்படிச் சொன்னீங்களாப்பா, அவர்கிட்ட?" சின்னக் கேள்வி. சத்தமே இல்லாத கேள்வி. "அதாவதும்மா, மறுவீட்டன்னிக்கு, அவனாதான் ஆரம்பிச்சான், எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தாங்க, நான் உங்கம்மா கதைய ஒரு தமாஷுக்கு..." இவ்வளவு வார்த்தை இவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்து வருஷக்கணக்காகிறது, இன்னும் நிறைய இருந்தது, பாயசம், மேனேஜர், மழை, எல்லாம் வரிசையில் நின்றது, சொன்னால் புரிந்துவிடும், முழுசாகச் சொன்னால். "அப்பா" என்றாள் சுகந்தி. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." மறுவீட்டுப் பந்தியில் அந்த இடத்தில் இருந்த புகை விலகியது, பாயசம் சிந்தின வேட்டி, அதற்கு மேலே அவன் முகம், அந்த முகத்தைப் பார்த்து, தொடையில் தட்டி, ரெண்டு தடவை வெளியில நிறுத்துங்க மாப்பிள்ளை, ஒவ்வொரு எழுத்தும், புள்ளியும் கொம்பும், இருந்தது இருந்த இடத்தில். "சொன்னேன்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார், கத்துவாள் என்று. ஒன்றும் இல்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, தான் எழுதினதைத் தானே முதல் தடவை படிப்பவள் மாதிரி படித்தாள். "ஒருவேளை இல்லாம இருக்கலாம்னுதான்ப்பா இருப்பார்னு போட்டேன்" என்றாள். "அந்தக் குளிர்லயும்." அப்புறம், "அனுப்பிடுங்க, சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தணிகாசலம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு என்று நினைத்தாரே. அது உத்தேசம். ஒரு ப்பாவின் அகலத்துக்கு அவள் ஒரு கதவிடுக்கைத் திறந்து வைத்திருந்தாள், அந்த மார்கழியிலிருந்து இன்றைக்குக் காலைவரை, வெளியே நின்றுகொண்டு உள்ளே இருக்கிற அப்பனுக்காக. இவர் இப்போதுதான் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். கை பழக்கத்தில் திருத்தப் போனது, ப்பாவை எடுத்துவிட்டு க்கா, ஆயுசு முழுக்க அடுத்தவன் எழுத்தைத் திருத்தின கை. கர்சரைக் கொண்டுபோய் வைத்து அமுக்கினார். வார்த்தைக்குள் போகவில்லை. படத்தைச் சுற்றிக் கட்டம்தான் வந்தது. படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் திருத்த முடியாது, அது பிஎன்ஜி. சேமித்தார். கனமான ஃபைல். மெயில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எப்போதும் இரண்டு தட்டு வைப்பாள். உள்ளே ஒரே ஒரு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.